மன்னார்த் தரவையில் மறைப்புக் கூடாரம்

மன்னாருக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் திருக்கேதீச்சரத்தைத் தரிசிப்பர். போர்த்துக்கேயர் 1560-இல் எழுப்பிய கோட்டையைச் சுற்றிப் பார்ப்பர். பள்ளிமுனையிலே பருத்து நிற்கும் பெருக்கமரத்தின் அடியைப் பலர் கைகோத்து அளந்து மகிழ்வர். தெருவோரத்திலே சாவதானமாக நிற்கும் கழுதைகளைக் கண்டு சிறுவர்கள் சிரிப்பர். பின்னர், வாங்கிய கருவாட்டுப் பொதியுடன் வந்த வழியே திரும்பிவிடுவர். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் மூன்று கிலோமீற்றர் நீளப் பாலத்தெருவை அவர்கள் கடக்கும் வேளையில், இருபுறமும் விரிந்து கிடக்கும் சேற்றுவெளியை ஏறிட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. பார்த்தாலும், "உப்புத் தரவை, வெறும் நிலம்" என்று கூறி முகத்தைத் திருப்பிக் கொள்வர்.

அந்த வெறும் நிலமே வங்காலைச் சரணாலயம். 2008-ஆம் ஆண்டிலே சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் றம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏறத்தாழ 4,800 ஹெக்டேயர் பரப்புள்ள இப்பிரதேசத்திலே பரவைக்கடல் உண்டு. கண்டற் காடு உண்டு. உமிரி படர்ந்த உவர்நிலம் உண்டு. குடைபோற் கவிந்த உடைமரங்களும் உண்டு. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான பறவைகள் இங்கு வந்து இறங்குகின்றன. இந்தியத் துணைக்கண்டத்தின் நெடுவழியே தெற்கு நோக்கி வரும் அவற்றுக்கு இத்தீவே வழியின் கடைசி விடுதி. இதற்கு அப்பால் அண்டார்ட்டிக்காக் கண்டம் வரை கடலேயன்றிப் பெருநிலம் இல்லை.

இப்பறவைகளை அருகிலிருந்து பார்ப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

மன்னார்த் தரவை உள்ளங்கை போலத் தட்டையானது. ஒரு மனிதன் எழுந்து நின்றால் அவனுடைய உருவம் அரைக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊசிவால் வாத்துக்கும் தெரியும். காட்டிலே மரத்தின் பின் ஒளியலாம். மலையிலே பாறையின் பின் ஒளியலாம். இங்கோ ஒளிவதற்கு ஒன்றுமில்லை. நாம் ஓர் அடி முன்னே வைத்தால் பறவை பத்தடி பின்னே செல்கிறது. இன்னும் ஓர் அடி வைத்தால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடுகிறது. ஆகவே ஒளிவிடத்தை நாமே சுமந்து செல்லவேண்டியதாகிறது. அதுவே மடித்துத் தூக்கிச் செல்லக்கூடிய மறைப்புக் கூடாரம்.

ஒளிந்திருந்து பார்க்கும் கலை வேட்டைக்காரனிடமிருந்து வந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. வன்னிக் காட்டிலே கோடை முற்றி நீர்மடுக்கள் வற்றும் காலத்தில், எஞ்சிய ஒரு மடுவின் அருகே குழி தோண்டியோ பரண் கட்டியோ நிலவு வெளிச்சத்திற் காத்திருந்து, தண்ணீருக்கு வந்த மானையும் மரையையும் துவக்கினாற் சுடுவது பழைய வழக்கம். தாகத்தால் வந்த உயிரைச் சுடுவது ஆண்மையன்று என்று அக்காலத்து வேட்டைக்காரரிலேயே மனச்சாட்சி உள்ளவர்கள் கூறியதுண்டு. 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் பின் வேட்டையின் எல்லைகள் சுருங்கின. இன்று சரணாலயத்துள் ஒரு பறவையைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றமாகும்.

துவக்கு நீங்கிய இடத்திற் படப்பெட்டி வந்தது. இங்கிலாந்திலே றிச்சட் கேட்டன், செரி கேட்டன் என்ற சகோதரர் இருவர் 1892-இல் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைப் புகைப்படம் பிடித்தனர். பின்னர் பறவைகளை நெருங்குவதற்காக அவர்கள் செய்த உபாயங்களிலே ஒன்று மிக வேடிக்கையானது. மரச்சட்டத்தின் மேல் மாட்டுத்தோலைப் போர்த்து, பொய்க் காளை ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள்ளே படப்பெட்டியுடன் ஒருவர் புகுந்துகொண்டார்! புல்வெளிப் பறவைகள் காளைக்கு அஞ்சுவதில்லையன்றோ? இன்று கடைகளிலே விற்கப்படும் கூடாரங்கள் யாவும் அந்தக் காளையின் வழிவந்தவையே எனலாம்.

"பதுங்குதல்" என்னும் சொல் நமது வடபகுதி மக்களின் செவிக்கு இனியதன்று. யுத்தம் நடந்த ஆண்டுகளிலே பதுங்குகுழி என்பது வீட்டின் ஓர் அறைபோல ஆகிவிட்டது. பிள்ளைகள் அதனுள்ளே பாடம் படித்தனர். முதியோர் அதனுள்ளே செபமாலை உருட்டினர். இதே தரவையின் ஓரத்துக் கிராமங்களும் அதற்கு விலக்கல்ல. 1990-இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015-இலேதான் மீண்டும் இறங்குதுறை வரை ஓடியது. அத்தகைய மண்ணிலே, உயிருக்கு அஞ்சி அல்லாமல், ஒரு பறவையின் அச்சத்தைப் போக்குவதற்காக நாம் ஒளிந்திருக்கின்றோம் என்பது சிறிய விஷயமன்று. கூடாரத்தைப் பற்றிப் பேசுமுன் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். இன்னுமொன்று: தெருவை விட்டு இறங்குமுன் அவ்வூர் மக்களிடம் வழி கேட்டறிதல் வேண்டும். அபாய அறிவிப்புப் பலகை உள்ள இடத்தை எப்பறவைக்காகவும் அணுகலாகாது.

இனிக் கூடாரத்தைத் தெரிவு செய்யும் முறையைக் கூறுவோம்.

விற்பனையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உருக்குக் கம்பி வளையம் கோத்த சீலைக் கூடாரம். உறையை அவிழ்த்ததும் தானே துள்ளி விரியும். சுமை குறைவு, ஆனால் மீண்டும் மடிப்பதற்குப் பழக்கம் வேண்டும். வீட்டு முற்றத்திலே பத்துமுறை மடித்துப் பழகாதவர் அதிகாலை இருளிலே தரவையில் அதனோடு மல்லுக்கட்ட நேரும். இரண்டாவது, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு குமிழும், அதிலிருந்து சிலந்திக்கால்கள் போல நாற்புறமும் செல்லும் கம்பிகளும் உடையது. குமிழை வெளியே இழுத்தால் சுவர் விறைத்து நிற்கும். உறுதி மிகுதி; இருவர் வசதியாக அமரலாம். ஆனால் சுமையும் மிகுதி. மூன்றாவது, கூடாரமே அல்லாத ஒன்று: தலையையும் உடலையும் படப்பெட்டியையும் ஒருங்கே மூடும் போர்வை வலை. மிக இலேசானது. சேற்றிலே குப்புறப் படுத்திருக்கத் துணிந்தவர்களுக்கு அதுவே போதும்.

மன்னாருக்கு எது பொருந்தும்? உயரமான கூடாரம் இங்கு உதவாது. ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய கூடாரம் காட்டின் ஓரத்திலே மறைந்துவிடும். தரவையிலோ கலங்கரை விளக்கம்போலத் தனித்துத் தோன்றும். உள்ளே தாழ்ந்த முக்காலியில் அமரும் அளவு உயரமே போதுமானது. பறவையின் கண்மட்டத்திலே நமது கண்ணும் இருப்பதால் படமும் அழகாக அமையும்.

நிறத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. கடைக்காரர்கள் பெரும்பாலும் பச்சை இலை அச்சடித்த சீலையையே எடுத்துக் காட்டுவர். அது மேலைநாட்டுக் காட்டுக்கென ஆக்கப்பட்டது. மன்னாரின் நிறம் காய்ந்த சேற்றின் நிறம்; மணலும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம். பச்சைச் சீலையை வாங்கிவிட்டால் அதன்மேல் பழஞ்சாக்கைத் தைத்துப் போர்த்தலாம். சலவைத் தூளிட்டு அதனைத் துவைக்கலாகாது. பறவைகளிற் பல, நமது கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த ஒளியையும் காணவல்லன. சலவைத் தூள்களிலே துணிக்கு வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் இரசாயனங்கள் அந்த ஒளியிலே விளங்கித் தோன்றக்கூடும். வெறுந் தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்துதலே உத்தமம்.

சன்னல்கள் வலையிட்டனவாக இருத்தல் வேண்டும். உட்சுவர் கறுப்பாக இருத்தல் வேண்டும். எதிரெதிரான இரு சன்னல்களை ஒருங்கே திறந்து வைத்தால் பின்னொளியில் நமது நிழலுருவம் பளிச்சென்று தெரியும். ஆகவே பறவை உள்ள பக்கம் தவிர மற்றவற்றை மூடிவைத்தல் முறை. ஒட்டுப்பட்டி வைத்த சன்னலைப் பிரிக்கும்போது எழும் 'சர்' என்ற ஓசை உள்ளான் கூட்டத்தைக் கலைத்துவிடும். கொக்கியும் வளையமும் உள்ளதே மேல்.

கையிலே பணம் குறைந்தவர் மனம் தளரவேண்டாம். நான்கு தடிகளும், பழைய கிடுகும், பனையோலைத் தட்டியும் இருந்தாற் போதும். தரவையில் வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் கிடுகுக் குடிலைப் பறவைகள் நாடோறும் கண்டு பழகியிருக்கின்றன. அத்தகைய தட்டிக்கு அஞ்சாத பறவை, புத்தம்புதிய விலையுயர்ந்த கூடாரத்துக்கு அஞ்சுவதும் உண்டு.

அடுத்தது, நிறுத்தும் முறை. இங்கே காற்றை அறியாதவன் கூடாரத்தை இழப்பான். மாரிக்காலத்தில் வீசும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. காலை வெயிலும் கிழக்கிலிருந்தே வருவது. இதனால் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. கிழக்கே முதுகு காட்டி மேற்கு நோக்கி அமர்ந்தால், வெயில் நமது பின்னாலிருந்து பறவையின்மேல் விழும். பறவைகளோ காற்றை எதிர்நோக்கி நிற்பதே இயல்பு; காற்று பின்னே புகுந்து இறகைக் கலைப்பதை அவை விரும்புவதில்லை. ஆகவே அவற்றின் முகமும் நம்மை நோக்கியே இருக்கும். எழும்பும்போதும் காற்றுக்கு எதிராக, அதாவது நமது திசை நோக்கியே எழும்பும்.

பிரதிகூலமும் உண்டு. அந்தக் காற்று முழுவதும் கூடாரத்தின் முதுகிலே மோதும். குமிழ்வகைக் கூடாரத்தின் சுவர் 'டப்' என்று உட்புறம் வளைந்து விழும். பின்சுவரின் குமிழிலே கயிறு கட்டி வெளியே இழுத்து நிறுத்துதல் இதற்குப் பரிகாரம். கூடாரத்தோடு வரும் குட்டையான ஆணிகள் சேற்றிலே வெண்ணெயில் இறங்கிய கத்தி போன்றவை. எளிதில் இறங்கும், எளிதிற் கழன்றும் வரும். நாலு உரப்பைகளைக் கொண்டுசென்று, அங்கேயே மணலை நிரப்பி, கயிற்றை அவற்றிற் கட்டிவைத்தால் அசையாது. தளர்ந்த சீலை காற்றிற் படபடக்கும். அந்த அசைவே பறவைகளை முதலில் விரட்டுவது. எனவே சீலை முரசுத்தோல்போல விறைப்பாக இருத்தல் வேண்டும். நீர்மட்டத்தையும் கவனித்தல் அவசியம். இலங்கைக் கடலில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவே எனினும், பரவைக்கடலின் ஆழமும் சில அங்குலமே. காற்று ஒருபுறம் நீரைத் தள்ளினால், விடியலில் உலர்ந்திருந்த இடம் ஒன்பது மணிக்கு முழங்கால் நீரில் நிற்கும்.

நுழையும் நேரம் விடியலுக்கு ஒரு மணி முன்பு. இருளிலே பறவைகள் எழும்பினாலும் வெளிச்சம் வருமுன் மீண்டும் வந்துவிடும். பகலில் நுழையவேண்டி நேர்ந்தால் இருவர் செல்க. ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் எல்லோருக்கும் தெரியும்படி நடந்து அகல்க. உள்ளே ஒருவர் எஞ்சியிருப்பதைப் பறவைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வந்த ஆபத்து போய்விட்டது என்று நம்பி அமைதியடையும். நூற்றாண்டுக்கு மேலாகப் பறவைப் படக்காரர்கள் கையாளும் தந்திரம் இது. வெளியேறும்போதும் அந்த நண்பரே வந்து அழைத்துச் செல்லவேண்டும். கூடாரத்துக்குள்ளிருந்து திடீரென ஒரு மனிதன் முளைப்பதைக் கண்ட பறவை, பின்னர் எந்தக் கூடாரத்தையும் நம்பாது.

உள்ளே அமர்ந்தபின் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, அதுவே கடினமானது. தண்ணீர்ப் போத்தல், பாணோ ரொட்டியோ சிறிது, கறுத்த சட்டை, ஓசையடக்கிய கைத்தொலைபேசி இவ்வளவே தேவை. கொக்கின் பொறுமையை நமது முன்னோர் பாடமாக வைத்தது வீணன்று. முதல் அரைமணி நேரம் எதுவும் நடவாது. பிறகு சின்னஞ்சிறு உள்ளான்கள் சேற்றிலே தையல்யந்திரத்தின் ஊசிபோல அலகை ஏற்றியிறக்கிக்கொண்டு வரும். பவளநிறக் கால்களை உயர உயர எடுத்து வைத்து நெடுங்கால் உள்ளான் வரும். கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த அலகோடு நண்டுண்ணி வந்து, ஓடும் நண்டை ஓட்டமாய் ஓடிப் பிடிக்கும்.

பின்னர், அதிர்ஷ்டமிருந்தால், பூநாரைகள் வரும். தொலைவில் ஒரு வெண்கோடாகத் தெரிந்தவை மெல்ல மெல்ல மேய்ந்துகொண்டே நெருங்கும். அவை தலையைக் கீழாகக் கவிழ்த்து, மேலலகு நிலத்தை நோக்க, நாக்கினால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடைபோன்ற தகடுகளில் நுண்ணுயிர்களை வடித்து உண்பதை அத்துணை அருகிற் காணலாம். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே வருவது. சிற்றிறால்களிலும் பாசிகளிலும் உள்ள நிறப்பொருளே இறகிலே ஏறுகிறது. நூறு பூநாரைகள் ஒருங்கே மேயும்போது எழும் தாழ்ந்த கொக்கரிப்பும் நீரின் சலசலப்பும் தெருவிலிருந்து பார்ப்போருக்கு ஒருநாளும் கேட்கப்போவதில்லை.

தெருவிலிருந்து பார்ப்போர் சிலர் இன்னொரு காரியமும் செய்கின்றனர். பூநாரை சிறகை விரித்தாலன்றி அதன் செந்நிறம் முழுதும் தெரியாது என்பதால், கைதட்டியும் சேற்றிலே ஓடியும் கூட்டத்தை எழுப்பிப் படம் பிடிக்கின்றனர். பார்ப்பதற்கு இது தீங்கற்ற விளையாட்டாகத் தோன்றும். அப்பறவைகளின் கணக்கு வேறு. கனத்த உடலைத் தூக்குவதற்குப் பூநாரை நீரிலே பல அடி ஓடியே எழும்பவேண்டும். மேயும் நேரமும் சேர்த்த வலிமையும் இரண்டும் வீணாகும். மாசி, பங்குனியிலே வடக்கே திரும்பவேண்டிய வாத்துகளும் உள்ளான்களும் அந்தப் பல்லாயிரம் கிலோமீற்றர்ப் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்தே சேர்க்கின்றன. ஒருநாளைக்குப் பத்துமுறை எழுப்பப்பட்ட பறவை, கட்டுச்சோறில்லாமல் நெடுவழி புறப்பட்ட பிரயாணியை ஒக்கும். படம் பிடித்தவர் அதனை அறியப்போவதில்லை. பறவை விழுவது எங்கோ வேற்று நாட்டில்.

எனவே மறைப்புக் கூடாரம் நமது வசதிக்காக மட்டும் உள்ளதன்று. ஆயினும் அதனையும் தவறாகப் பயன்படுத்தலாம். கூடுகட்டும் காலத்தில் அதனைத் தரவைக்குக் கொண்டு செல்லவே கூடாது. ஆலாவும் உப்புக்கொத்தியும் நெடுங்கால் உள்ளானும் வெறுந்தரையிலே முட்டையிடுவன. கூடாரத்துக்கு அஞ்சித் தாய் விலகி நின்றால், மன்னார் வெயில் சிறிது நேரத்தில் முட்டையை அவித்துவிடும். உப்புக்கொத்திகளிலே ஒன்று நமக்கு மிகவும் உரியது. நெடுங்காலமாக வேறோர் இனத்தின் கிளையென்றே எண்ணப்பட்ட அச்சிறு குருவியை, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் தனி இனமென்று 2023-இல் ஆய்வாளர் நிறுவினர். இராமர் அணையை ஒட்டிய கரைகளில் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டனர். கைப்பிடிக்குள் அடங்கும் அனுமன் அது. அதன் முட்டையை நமது செருப்புக்காலும் மிதித்துவிடும்.

வில்பத்து முதலிய தேசிய வனங்களிலே குறித்த இடங்களிலன்றி வாகனத்தை விட்டு இறங்குவதே தடை. அங்கு இக்கூடாரத்துக்கு இடமில்லை. யானை நடமாடும் குளக்கரைகளிலும் வைக்கலாகாது. பறவைக்குக் கண் கூர்மை; யானைக்கு மூக்குக் கூர்மை. சீலை நமது வாசனையை மறைக்காது. வங்காலையிலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் முன்கூட்டி அறிவித்து, அனுமதி பெற்றுச் செல்லுதலே முறை. வலைபோடும் மீனவரின் பாதையை மறிக்காத இடமாகப் பார்த்து நிறுத்துதல் மரியாதை.

கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2021-இல் மன்னாரிலே ஒரு கடற்காகத்தைப் பிடித்து, முதுகில் சிறு கருவி பொருத்தி, 'மேகா' என்று பெயரிட்டு விட்டனர். அது ருசியாவின் வடகோடியிலுள்ள உறைபனிக் கடற்கரை வரை சென்று, அதே ஆண்டில் மன்னாருக்கே திரும்பி வந்தது. அது சென்ற வானமும் முன்போல் இல்லை. தீவின் தென்கரையோரம் 2020 முதல் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், மேகாவுக்கு வழியும் வேண்டும் என்ற வழக்கு இத்தீவிலே பேசப்பட்டு வருகின்றது. வழக்கிலே சாட்சி சொல்லவேண்டியவர்கள் பறவைகளை உண்மையாகப் பார்த்தவர்களே. எந்தத் திசையிலிருந்து வந்தன, எங்கே இறங்கின, எத்தனை மணிக்கு எழும்பின என்பனவற்றைக் கூடாரத்துள் அமர்ந்திருப்பவர் ஒரு சிறு கொப்பியிலே நாடோறும் குறித்துவைத்தால், அக்குறிப்பு எடுத்த படத்தைக் காட்டிலும் பெறுமதி வாய்ந்ததாகும்.

மார்கழி முதல் மாசி வரை இதற்கு உகந்த காலம். கோட்டையிலிருந்து புகையிரதம் ஓடும் வேளையில் அதிலேறியும் மன்னாரை அடையலாம். தெருவழியே வருவோர் மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், முருங்கன் வழியாகக் கட்டுக்கரைக் குளத்தின் காற்றை வாங்கிக்கொண்டே வரலாம். முதல் நாள் கூடாரமின்றிப் பாலத்தெருவில் நின்று பார்த்துப் பறவைகள் எங்கே மேய்கின்றன என்று அறிக. இரண்டாம் நாள் இருளோடு சென்று அமர்க. பத்து மணிக்கு வெயில் ஏறிக் கானல் அலையத் தொடங்கியதும் நண்பர் வந்து அழைப்பார். அப்போது மெல்ல வெளியே வந்து, கயிற்றை அவிழ்த்து, உரப்பையிலுள்ள மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு, காலடிச் சுவடன்றி வேறொன்றையும் விடாமற் திரும்புக. பூநாரைகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தால், சென்ற காரியம் நன்கு நிறைவேறியது என்று கொள்ளலாம்.